ஸ்பாட்டர் போதும், கடுகுக் கொத்தைக் கொடுங்கள்

தாவரவியல் பிராக்டிகல் தேர்வில் 'ஸ்பாட்டர்' என்று ஒரு சடங்கு உண்டு. மைக்ராஸ்கோப்பில் கோலியஸ் தண்டு நுனியின் நீள்வெட்டு ஸ்லைடு இருக்கும். மாணவி எட்டிப் பார்ப்பாள். 'தண்டு நுனி ஆக்குத்திசு' என்று எழுதிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வாள். கடையில் வாங்கிய ஸ்லைடு. வருடக்கணக்காக அதேதான், சாயம் வெளிறினாலும் விடை மாறாது. கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இந்தச் சடங்கை நிறுத்த வேண்டும் என்கிறேன்.

வளர்ச்சி என்பது வரிசை. எது முதலில் முளைத்தது, எது பின்தங்கியது என்பதை ஒற்றை ஸ்லைடு சொல்லாது. காஸ்பர் பிரீட்ரிக் வுல்ஃப் 1759-இல் முட்டைக்கோஸின் நுனியைப் பிரித்துப் பார்த்துத்தான், இலைகள் உள்ளே குட்டியாகத் தயாராக இருப்பதில்லை, வெறும் மேடுகளாகப் புதிதாக எழுகின்றன என்று வாதிட்டார். நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பையே நாம் தருவதில்லை.

முட்டைக்கோஸின் உறவான கடுகு போதும். அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தொட்டியில் விதைத்தால் சில வாரங்களில் பூங்கொத்து வரும். ஓரத்தில் மூத்த மொட்டுகள், நடுவில் கண்ணுக்கே தெரியாத பிஞ்சுகள். ஒரே கொத்தில் எல்லா வயதும் இருக்கும். டிசெக்டிங் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, ஊசியால் மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே உள்ளே போக வேண்டும். டொலுயிடின் ப்ளூவில் சற்று ஊறவைத்துக் கழுவினால் மேடுபள்ளம் துலங்கும்.

பிஞ்சு மொட்டில் முதலில் எழுபவை நான்கு புல்லி மேடுகள். அவற்றுக்குள் ஆறு மகரந்தத்தாள்கள் கொழுத்து வளரும். நடுவே சூலகம் எழும். அல்லிதழ்களோ இடுக்கில் சிறு புள்ளிகளாக ஒதுங்கிக் கிடக்கும். மொட்டு விரியும் நாள் நெருங்கும்போதுதான் விறுவிறுவென்று நீண்டு மஞ்சளாகும். பூவென்றாலே இதழ் என்று நினைக்கிறோம். செடி இதழை வளர்ப்பது கடைசியில்.

செல்களைப் பார்க்க வேண்டுமானால் வெட்டு வேண்டும். மொட்டை ஃபார்மலின், அசிட்டிக் அமிலம், ஆல்கஹால் கலவையில் பதப்படுத்தி, நீர் நீக்கி, பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் சுமார் 10 மைக்ரோமீட்டர் கனத்தில் வெட்ட வேண்டும். சாஃப்ரனினும் ஃபாஸ்ட் கிரீனும் ஏற்றினால், ஆக்குத்திசுவின் செல்கள் சிறுத்து, நெருங்கி, கருத்துத் தெரியும். சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய பி.ஜி.எல். சுவாமி உலகம் மதிக்கும் ஆய்வுகளைச் செய்தது இப்படிப்பட்ட வெட்டுகளைக் கொண்டுதான். மைக்ரோடோம் பழுதான கல்லூரிகள் இருக்கின்றன. ஃபார்மலின் நெடியும் நல்லதல்ல. அதனால்தான் வெட்டே தேவைப்படாத ஊசி வழியை முதலில் சொன்னேன்.

'இது கன்ஃபோகல் காலம், இதெல்லாம் பழசு' என்பார்கள். கன்ஃபோகலும் ஒளி நுண்ணோக்கிதான். லேசர் ஒளியில், உயிருள்ள நுனியையே அது அடுக்கடுக்காகக் காட்டும். ஆனால் காட்டுவது எந்த மேடு என்று தெரிந்திருக்க வேண்டுமே! கோயனும் மெயரோவிட்ஸும் 1991-இல் பூ உறுப்புகளுக்கான ஏ.பி.சி. மாதிரியை முன்வைத்தார்கள். அதற்கு ஆதாரமான செடிகளில் ஒன்று கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ். அதில் அல்லிதழ் இருக்க வேண்டிய இடத்தில் புல்லிதழும், மகரந்தத்தாள் இடத்தில் சூலகமும் முளைத்த பிறழ்வுகளை அடையாளம் காண, இயல்பான வரிசை கண்ணில் பதிந்திருக்க வேண்டும்.

பாடத்திட்டக் குழுக்களுக்கு என் யோசனை இது: ஸ்பாட்டர் மதிப்பெண்ணில் ஒரு பங்கை, மாணவர் தாமே பிரித்துப் பார்த்து வரைந்த மொட்டு வரிசைக்குக் கொடுங்கள். காப்பியடிப்பார்களே என்று தேர்வாளர்கள் கவலைப்பட வேண்டாம். நோட்டைப் பார்த்து வரைபவர் பிஞ்சு மொட்டிலும் இதழைப் பெரிதாகப் போடுவார். மொட்டைப் பார்த்தவர் போடமாட்டார்.