மட்டை வீச்சில் வேகம் மட்டும் போதுமா?

2025 ஜனவரி. கிள்ளான் பாயுமாஸ் ஓவல் திடலில் 19 வயதுக்குட்பட்டோருக்கான மகளிர் டி20 உலகக் கிண்ணம். இந்தியாவிடம் நம்ம மலேசிய அணி 31 ரன்னுக்குச் சுருண்டது நினைவிருக்கா? ஒரு வாரம் கழித்து அதே திடலில் இந்தியாவின் கோங்கடி திரிஷா 59 பந்தில் 110 அடித்தார்.

கை பலம் மட்டும் காரணமில்லை. அமெரிக்க எம்எல்பி பேஸ்பாலில் 2024 முதல் மட்டையின் வேகத்தையே அளந்து வெளியிடுகிறார்கள்; சராசரி மணிக்குச் சுமார் 116 கிலோமீட்டர். அந்த வேகம் கீழிருந்து வருது: இடுப்பு முதலில் திரும்பணும், பிறகு தோள், கடைசியில்தான் கை. உங்கள் போனின் ஸ்லோமோஷனிலேயே இதைப் பார்க்கலாம்.

ஆனால் கிரிக்கெட்டில் பந்து பெரும்பாலும் தரையில் பட்டு எழும். எங்கே எழும் என்று கணிக்க நிறைய ஆட்டங்கள் ஆடியிருக்கணும். நம்ம பிள்ளைகளுக்குக் கருவியைவிட அதுதான் அவசரத் தேவை என்பேன்.