சைக்கிளுக்குப் புதுச் சக்கரம்

சமையலும் கைவைத்தியமும் வருகிற பக்கத்தில் சைக்கிள் சக்கரத்துக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், சகோதரிகளே. பெண் பிள்ளை உள்ள வீட்டில் அதுவும் ஒரு வீட்டுச் சாமான்தான். 1991, 92 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்களே! லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பிள்ளையை உட்கார வைத்து ஓட்டினார்கள். 2001-02ல் ஆதி திராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்த அரசு இலவச சைக்கிள், பிறகு பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாருக்கும் வந்தது.

எங்கள் வீட்டில் இருப்பதும் அப்படி வந்ததுதான். பெரியவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஒன்பதாவது படிக்கிற சின்னவள் ஓட்டுகிறாள். பின் சக்கரத்தில் மாதம் ஒரு ஸ்போக்ஸ் கம்பி அறுந்தது. ரிம்மில் கம்பி மாட்டும் ஓட்டையைச் சுற்றித் துரு அரித்து வெடிப்பே விட்டுவிட்டது. "பழைய இரும்புக்குப் போட்டுட்டு டியூஷனை நிறுத்திடு" என்றார் இவர். டியூஷனுக்குப் போக மதுரை - தென்காசி ரோட்டில் கொஞ்ச தூரம் போகணும். எலுமிச்சம்பழ லாரியும் கேரளா லாரியும் ஓயாத ரோடு. அவர் பயத்திலும் நியாயம் உண்டு. ஆனால் கெட்டது சக்கரம். நிறுத்தச் சொல்வது படிப்பையா?

எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். "பிரேமு கல்லாட்டம் இருக்கு தங்கச்சி, ரெண்டு வீலையும் மாத்துங்க போதும்" என்றார். புதுச் சைக்கிள் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை.

வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். 26 இன்ச் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் புடைப்பாக எழுதியிருப்பதைப் பாருங்கள். எங்களுடையது 26 × 1⅜. பக்கத்திலேயே 37-590 என்றும் இருக்கும். 590 என்பது டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் குறுக்களவு, மில்லிமீட்டரில். 26 × 1.75 என்று வருவதற்கு 559. இரண்டும் 26 இன்ச்தான், ஆனால் ஒன்றின் டயர் மற்றதில் சேராது! நான் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனதால், ஒரு கடையில் "எல்லாம் ஒண்ணுதாங்க்கா" என்று நீட்டிய ரிம்மைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்தது பிரேக். பெரிய பழைய சைக்கிளில் கம்பி பிரேக், ரிம்மின் உள்பக்கம் அழுத்தும். இப்போதைய லேடீஸ் சைக்கிளில் கட்டை இரண்டு பக்கமும் கவ்வும். அதற்குப் பக்கம் தட்டையான ரிம் வேண்டும். முடிந்தால் அலாய் ரிம்மாக வாங்குங்கள். மின்னுகிற இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் எங்கள் பக்கமும் தூறலாக இருக்கும், அதனால் நான் இதில் பிடிவாதமாக இருந்தேன்.

மாட்டுவதை அண்ணாச்சி பக்கத்தில் நின்று சொல்ல, நானும் சின்னவளும் செய்தோம். (இவர் பேப்பர் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.) சாக்கை விரித்துச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தணும். டயர் மாட்டும் முன்பே ரிம்முக்குள் ரப்பர் பட்டை போட்டாச்சா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கம்பி முனை குத்தி டியூப் பஞ்சராகும். பழைய ப்ரீவீலில் பல் தேய்ந்திருந்தால் அதையும் செயினையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. புதுச் செயின் தேய்ந்த பல்லில் நழுவும்.

பின் சக்கரத்தைச் செயினில் கோத்து, பின்னால் இழுத்து, இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக வைத்து நட்டை மாற்றி மாற்றி முறுக்கணும். செயின் நடுவில் அரை இன்ச் மேலும் கீழும் ஆடலாம். விறைப்பாக இருந்தால் மிதிக்கிற பிள்ளைக்குத்தான் முழங்கால் வலி. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக்கூடாது, ஆனால் லேசாகச் சுற்றணும். அண்ணாச்சி ஒரு சோதனை காட்டினார்: முன் சக்கரத்தை மெள்ளச் சுற்றி விட்டால், காற்றடிக்கும் வால்வின் கனத்துக்கே அது தானாகக் கீழே வந்து நிற்கணும். எங்களுடையது நிற்கவில்லை. கோனை அரைக்கால் சுற்று தளர்த்தியதும் வந்து நின்றது. "ஏட்டி, பாத்தியா!" என்று நானே கத்திவிட்டேன்.

பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படணும், டயரில் உரசினால் டயர் அறுந்துபோகும். புதுக் கம்பிகள் ஓட ஓடத் தளரும். ஒரு வாரம் கழித்துக் கடையில் காட்டிக் கோட்டம் எடுத்து, நட்டுகளையும் ஒரு தடவை முறுக்கிக்கொள்ளுங்கள். நாங்கள் எட்டாம் நாள் செய்தோம். பின் சக்கரம் நூலளவு கோணியிருந்தது.

முன் சக்கரத்துப் பழைய ரிம்மை எடைக்குப் போட மனசு வரவில்லை. புறவாசலில் நட்டு வைத்தேன், பீர்க்கங்கொடி ஏற ஆரம்பித்திருக்கிறது.