சூரியக் காற்று வந்து சேர ஒரு மணி நேரம்... அதற்குள் நமக்குச் சேதி வருமா?

ஆடி பிறந்தால் பெரியநாயக்கன்பாளையத்தில் காற்று அடிக்குதான்னு யாரும் கேட்க வேண்டாம். கொடியில் காயும் துணியே சொல்லிடும். ஆனால் எந்தத் துணியையும் அசைக்காத இன்னொரு காற்றும் இருக்கு. விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனிலிருந்து கிளம்பி வரும் புரோட்டான், எலெக்ட்ரான் கூட்டம். இதுதான் சூரியக் காற்று.

அது நம்மை என்ன செய்யும்? 2024 மே மாதம் 20 ஆண்டுகளில் இல்லாத சூரியப் புயல் பூமியைத் தாக்கியது. லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் சிவந்தது. அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் ஜிபிஎஸ் தடுமாறி டிராக்டர்கள் நின்றன. 1989-ல் கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் இருட்டில் கிடந்தார்கள்.

சரி, இந்தக் காற்றை எப்படி அளப்பது? 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய நம்ம ஆதித்யா எல்1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அதில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ‘ஆஸ்பெக்ஸ்’, திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையத்தின் ‘பாபா’ என இரண்டு கருவிகள். வேலை செய்யும் விதம் கிட்டத்தட்ட மாவுச் சல்லடைதான். வளைந்த இரண்டு தகடுகளுக்கு நடுவே மின்னழுத்தம் கொடுத்தால், அதற்கு ஏற்ற ஆற்றல் உள்ள துகள் மட்டும் வளைந்து வெளியே வரும். மற்றவை சுவரில் மோதி நின்றுவிடும். மின்னழுத்தத்தைப் படிப்படியா மாற்றி, வந்ததை எண்ணினால் காற்றின் வேகமும் அடர்த்தியும் கிடைச்சிடும்.

சூரியனின் படங்களுக்குத்தான் லைக் குவியும். இந்தப் பெட்டிகள் தருவது வெறும் வரைபடம். ஆனால் நம்மைக் காப்பாற்றப் போவது அதுதான். ஆதித்யாவைத் தாண்டிய காற்று பூமிக்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், வேகமான புயல்னா அரை மணி நேரம். டிராஃபிக்கில் காந்திபுரத்திலிருந்து பெரியநாயக்கன்பாளையத்துக்கு பஸ்ஸில் வந்து சேர்ற நேரம்!

ஆதித்யாவின் தரவு 2025 ஜனவரியில் பொதுவெளிக்கு வந்தது நல்ல தொடக்கம். ஆனால் நேற்றைய காற்றைப் படிப்பது ஆராய்ச்சி. இப்போதைய காற்றைச் சொல்வதுதான் எச்சரிக்கை. அமெரிக்காவின் நோவா அமைப்பு எல்1-லிருந்து வரும் அளவீட்டை உடனுக்குடன் இணையத்தில் காட்டுகிறது. ஆதித்யாவின் அளவீடும் அப்படி வரணும். அதற்கு 24 மணி நேரமும் தரைநிலையத் தொடர்பு வேண்டும், செலவாகும்தான். கிரிட் ஒருமுறை விழுந்தால் ஆகும் செலவை யோசிச்சுப் பாருங்க.

புயல் சின்னம் உருவானால் கடலோரத்துக்குத் தமிழில் சேதி போகுது. வயலில் ட்ரோன் ஓட்டும் கொங்கு இளைஞருக்கும், துணைமின் நிலையத்தில் இரவுப் பணியில் இருப்பவருக்கும் சூரியப் புயல் பற்றி அதே மாதிரி ஒரு வரி போனால் போதும். அளக்கும் வேலையை முடிச்சுட்டோம். சொல்லும் வேலைதான் பாக்கி.