வலிப்பைத் தடுக்கப் பன்றிக்கு ஊசி

பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மனித மூளைக்குள் நீர்க்கட்டியாக ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். பலருக்குத் தலைவலிகூட வராது. இந்தியாவில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலருக்கு முதல் வலிப்பு வந்தது, இந்த மண்ணை விட்டுப்போய்ச் சில ஆண்டுகள் கழித்துத்தான். அந்த ராணுவத்தில் இந்நோய் கண்ட 450 பேரைப் பற்றி 1961இல் வெளியான ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

அதுவரை உடம்பு ஏன் சும்மா இருந்தது? புழு அதைச் சும்மா இருக்கவைத்தது. அந்நியக் கிருமி நுழைந்தால் முதலில் பாயும் ‘காம்ப்ளிமென்ட்’ புரதங்களை, புழு சுரக்கும் டீனியாஸ்டாட்டின் என்ற பொருள் முடக்குகிறது. புழுவின் பாராமயோசின் என்ற இன்னொரு புரதம் அந்தக் காம்ப்ளிமென்ட் சங்கிலியின் முதல் கண்ணியைப் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு, அழற்சியை அடக்கும் டி செல்களையும் புழு தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறது. புழு மூப்படைந்தோ மருந்தாலோ சாகும்போதுதான் இந்த அடக்குமுறை தளர்கிறது. அப்போது சுற்றிலும் வீக்கம், வலிப்பு. புழுவைக் கொல்லும் மருந்தோடு மருத்துவர்கள் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான்.

இது எங்கோ நடக்கும் கதையல்ல. வேலூர் மாவட்டத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் வலிப்பு உள்ளவர்களைத் தேடிக் கண்டறிந்து சோதித்தார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் வலிப்புக்குப் பின்னால் இந்தப் புழு இருந்தது. பன்றிக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு மட்டுமே வரும் என்பது தவறு. வேகாத கறியால் வருவது குடல் நாடாப்புழு. அப்படிப் புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டை யாருடைய வாய்க்குப் போனாலும், அவர் சுத்த சைவமானாலும், மூளையில் கட்டி வரலாம். வாட்ஸ்அப்பில் முட்டைகோஸின் மீது பழி போடுகிறவர்கள் அதில் ஒட்டியிருக்கக்கூடியது இந்த முட்டைதான் என்று சொல்வதில்லை.

பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று தரும் அல்பெண்டசோல் போதாதா? அது மண்வழிப் பரவும் குடற்புழுக்களுக்கானது. ஒரே ஒரு மாத்திரை நாடாப்புழுவை நிச்சயமாக ஒழிக்கும் என்று நம்ப முடியாது. ஊர் முழுவதற்கும் பிராசிகுவான்டெல் கொடுப்பதிலும் சிக்கல் உண்டு. அது மூளைக்கும் செல்லும் மருந்து. அங்கே சத்தமில்லாமல் கிடக்கும் கட்டியைத் தாக்கி, நேற்றுவரை நன்றாக இருந்தவருக்கு வலிப்பை வரவழைத்துவிடலாம். ஆக, புழுவின் சுழற்சியை மனித மூளைக்கு ஆபத்தில்லாமல் அறுக்கக்கூடிய ஓர் இடம், அந்த முட்டையைத் தின்று கறியில் கட்டியைச் சுமக்கும் பன்றி.

அதற்கான ஊசியும் இருக்கிறது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான டிசோல்18 தடுப்பூசியை, சிஸ்வாக்ஸ் என்ற பெயரில் ஹைதராபாத்தின் இந்தியன் இம்யூனலாஜிக்கல்ஸ் தயாரிக்கிறது. கேமரூனில் நடந்த கள ஆய்வில், இந்த ஊசியும் ஆக்ஸ்ஃபெண்டசோல் என்ற புழுநீக்க மருந்தும் பெற்ற பன்றிகளில் ஒன்றில்கூடப் புழுக்கட்டி காணப்படவில்லை. ஊசி போடாத பன்றிகளில் இருந்தது. நம் நாட்டிலேயே தயாராகும் ஊசியை நம் பன்றிகளுக்குப் போடத் தயங்குவது ஏன்?

பன்றிகளைக் கொல்லும் ‘கிளாசிக்கல்’ பன்றிக் காய்ச்சலுக்கு மத்திய அரசின் தடுப்பூசித் திட்டம் உள்ளது. அதே கால்நடை மருத்துவர், அதே பட்டிக்குப் போகும்போது, இந்த ஊசியையும் போடட்டும் என்பதே நம் கோரிக்கை. வளர்ப்பவர்களே காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியாது. காய்ச்சல் வந்தால் பன்றி சாகும்; அதனால் அந்த ஊசிக்கு அவர்களே அலைவார்கள். புழு இருக்கும் பன்றியோ பெரும்பாலும் நன்றாகத் தின்று நன்றாகவே வளரும். வளர்ப்பவருக்குக் கண்ணில் படாத நட்டத்துக்கு அவர் கைக்காசைச் செலவழிக்க மாட்டார். வலிப்பு வருவது வேறு ஒரு வீட்டில், வேறு ஓர் ஆண்டில். அதனால் இந்த ஊசிக்கான செலவு முழுவதையும் சுகாதாரத் துறையும் கால்நடைத் துறையும் பகிர்ந்து ஏற்க வேண்டும்; தொடக்கத்தை வேலூரிலேயே வைத்துக்கொள்ளலாம்.