பராமரிப்பே தேவையில்லையாம்!

ஹொஸ்டல் மேசைக்கு ஒரு எச்செவேரியா வாங்கினன். ரோசாப்பூப் போல அடுக்கின தடிச்ச இலைகள். "பராமரிப்பே தேவையில்லை" எண்டு சொல்லித்தான் தந்தவை. ரெண்டு மாதத்தில தண்டு நீண்டு அடுக்குக் குலைஞ்சுது. வளருது எண்டு சந்தோசப்பட்டன்! வெளிச்சம் போதாமல்தான் அது நீண்டிருக்கு. பாவமெண்டு தினமும் ஊத்தின தண்ணியில அடித்தண்டும் அழுகிட்டுது.

இது மெக்சிக்கோ மலைப்பாறைகளில் வளரும் இனம். இலையிலேயே நீரைச் சேமிக்கும். அது வீணாகாமல் இலைத்துளைகளை இரவில்தான் திறக்கும். தண்ணி குறைஞ்சால் தாங்கும், வெளிச்சம் குறைஞ்சால் தாங்காது. இந்த அரைவாசியை மறைச்சு, ஓட்டையே இல்லாத கோப்பையில நட்டு விக்கிறது ஏமாத்துத்தான். நுவரெலியாக் குளிரில சுகமா நிக்கிறது எங்கட யாழ்ப்பாணப் புழுக்கத்தில கஷ்டப்படும் எண்டும் ஆரும் சொல்லேல்ல.

கழண்ட இலையொண்டை ஜன்னலோரம் காய்ஞ்ச மணலில போட்டு வைச்சன். தண்ணி ஊத்தாமல் இருக்கிறதுதான் பெரிய பாடு. இப்ப வேர் விட்டிருக்கு.