வேலிக்குக் களா வைப்போம்

பக்கத்துக் காட்டு ஆடு நம் கடலையில் புகுந்து மேய்ந்துவிட்டது என்ற சண்டை நடக்காத ஊர் உண்டா? வசதி உள்ளவர் கல்தூண் நட்டு முள்கம்பி இழுக்கிறார். இல்லாதவர் சீமைக்கருவேல் முள்ளை வெட்டி அடைக்கிறார். அது ஒரு கோடையில் காய்ந்து, கரையான் அரித்து, மறு ஆண்டு மறுபடி வெட்ட வேண்டும். காயோடு வெட்டிப் போட்டாலோ விதை சிந்தி வயலுக்குள்ளேயே முளைக்கிறது. இதற்குப் பதிலாக நம் நாட்டுச் செடியான களாவை ஏன் வரப்பில் வைக்கக் கூடாது?

களா ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும். வறட்சியைத் தாங்கும். சரளை மண்ணிலும் வரும்; தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. பலன் தரும் வேலி என்பதுதான் இதன் சிறப்பு.

ஆனால் செடியை அடையாளம் கண்டு வாங்க வேண்டும். களா நாற்று என்று சொல்லி எனக்கு ஒருவர் கொடுத்தது, பூந்தோட்டங்களில் அழகுக்கு வைக்கும் தென்னாப்பிரிக்கக் களா. அதன் இலை தடித்துப் பளபளக்கும். நுனி கூராக இருக்கும். பழம் கருக்காமல் நல்ல சிவப்பாகவே நிற்கும். நம் பெருங்களாவின் இலை எதிரெதிராக, தோல் போல் கெட்டியாக, நுனி மழுங்கி இருக்கும். கணுவில் இணையாக முள், பல முட்கள் கவை விட்டிருக்கும். பூ மல்லிகை போல் வெள்ளை, மணமும் உண்டு. காய் முக்கால் அங்குலம் வரை வரும். பழுத்தால் கருஞ்சிவப்பாகி பின் கருக்கும். கரட்டில் தானாக வளரும் சிறுகளாவுக்கு இலையும் சிறிது, பழமும் சிறிது. தின்ன ருசிதான்.

கிள்ளினால் பால் வருகிறதே, களாதான் என்று முடிவு கட்ட வேண்டாம். அரளியும் அதே குடும்பம்தான், அது விஷம். முள் இல்லாவிட்டால் அது களா அல்ல.

ஆடி, ஆவணியில் கிடைக்கும் கருத்த பழத்தைப் பிசைந்து விதை எடுத்து, கழுவி, நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். விதையைச் சேமித்து வைத்தால் முளைப்புத் திறன் போய்விடும். போத்து நட்டால் எளிதில் வேர் பிடிக்காது, விண்பதியம் போடலாம். ஒரு வயது நாற்றை ஐப்பசி மழையில் 2 அடிக்கு ஒன்றாக, தொழு எரு இட்ட குழியில் நட வேண்டும். முதல் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். இளஞ்செடியை ஆடு கடிக்கும் என்பதால் 2 ஆண்டுகளுக்குக் காய்ந்த முள் அடைப்பு தேவை. நுனியைக் கிள்ளிவிட்டால் அடியிலிருந்து கிளைக்கும். இதைச் செய்யாதவர் வேலியில் கீழே ஆடு நுழைய வழி இருக்கும்.

இதில் நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு சுமார் 835 அடி. நாற்று 400க்கு மேல் வேண்டும். புதர் 4 அடி அகலத்துக்குப் பரவினால் ஏழரை சென்ட் நிலம் போகும். சிறு விவசாயிக்கு அது பெரிய இடம். ஆகவே நான்கு பக்கமும் வைக்காமல், ஆடு மாடு வரும் பாதைப் பக்கம் மட்டும் வைப்பதே சரி என்பது என் கருத்து. எல்லைக் கல்லிலிருந்து 2 அடி உள்ளே தள்ளி நடுங்கள். பங்காளியிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் ஆண்டிலிருந்து காய் பார்க்கலாம். கிளை நுனியில்தான் பூக்கும் என்பதால் கத்தரித்துக்கொண்டே இருந்தால் காய் இராது. பாதைப் பக்கம் கத்தரித்து, வயல் பக்கத்தைக் காய்க்க விடலாம். ஊறுகாய்க்குப் பழுக்குமுன் பறிக்க வேண்டும். பேக்கரி ரொட்டியிலும் பீடாவிலும் 'செர்ரி' என்று நாம் தின்னும் சிவப்புப் பழம் பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான்! விளைவித்தவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்பது வேறு கதை. பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா என்ற ரகங்களையே வெளியிட்டிருக்கிறது. நம் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் நல்ல நாட்டுக் களா நாற்றுக்கே அலைய வேண்டியிருக்கிறது. வேலிக் கன்றாக இதைப் பண்ணைகளில் வளர்த்துக் குறைந்த விலைக்குக் கொடுக்க வேளாண், தோட்டக்கலைத் துறையினர் முன்வர வேண்டும். அதுவரை ஆடியில் ஒரு படி பழம் பொறுக்கி நாமே நாற்று விட்டுக்கொள்ளலாம்.