42 நாள் சோதனை 25 ஆண்டுக்கு உறுதி தருமா? சூரியக் கண்ணாடிகளின் ஆயுள் கணிப்பில் உள்ள சிக்கல்

புதுதில்லி: ராஜஸ்தானின் ஜெய்சால்மர் மாவட்டம் நோக் பகுதியில் 50 மெகாவாட் திறன் கொண்ட சூரிய வெப்ப மின் நிலையம் 2013-ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் அறிவிக்கப்பட்ட தேசிய சூரிய மின்சக்தி இயக்கத்தின் கீழ் அமைந்த இத்தகைய நிலையங்களுக்கான மின் கொள்முதல் ஒப்பந்தம் 25 ஆண்டுகளுக்கானது. அத்தனை காலம் கண்ணாடிகள் தாங்குமா என்பதே முதலீட்டாளர்களின் முக்கியக் கேள்வி.

வளைந்த கண்ணாடிகள் வெயிலைக் குவித்துக் குழாயில் ஓடும் எண்ணெயைச் சூடாக்க, அவ்வெப்பத்தால் உருவாகும் நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. கண்ணாடியின் பிரதிபலிப்பு 94 சதவீதத்திலிருந்து 90 ஆகக் குறைந்தாலே, குழாயை அடையும் ஒளி சுமார் 4 சதவீதம் குறையும். படிந்த தூசியைக் கழுவி அகற்றலாம். பின்புற வெள்ளிப் பூச்சு அரிக்கப்பட்டால் கண்ணாடியையே மாற்ற வேண்டும்.

அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் 1980-களில் நிறுவப்பட்ட கண்ணாடிகள் பல்லாண்டுகள் உழைத்தன. ஆனால், வெள்ளியைப் பாதுகாக்க அவற்றில் செப்புப் படலமும் ஈயம் கலந்த வண்ணப்பூச்சும் இருந்தன. சுற்றுச்சூழல் காரணங்களால் இவ்விரண்டையும் உற்பத்தியாளர்கள் கைவிட்டு வருவதால், பழைய அனுபவத்தைப் புதிய கண்ணாடிகளுக்கு அப்படியே பொருத்த இயலாது. எனவே, விரைவுபடுத்தப்பட்ட ஆய்வகச் சோதனைகள் இன்றியமையாதவை ஆகின்றன.

பரவலாகப் பயன்படும் ஒரு சோதனையில், மாதிரிகள் 85 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம், அதாவது சுமார் 42 நாள்கள் வைக்கப்படுகின்றன. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் வேதிவினையின் வேகம் இரட்டிப்பாகும் என்பது பொதுவான தோராய விதி. களத்தின் சராசரி வெப்பநிலை 25 டிகிரி எனக் கொண்டு, வெப்பத்தின் விளைவை மட்டும் கணக்கிட்டால், 42 நாள்கள் ஏறத்தாழ 7 ஆண்டுகளுக்குச் சமம்.

அந்த வேகம் இருமடங்குக்குப் பதிலாக ஒன்றரை மடங்கு எனில், விடை வெறும் 1.3 ஆண்டு, மும்மடங்கு எனில் 83 ஆண்டுகள். ஒரே சோதனை, ஒரே முடிவு. அனுமானம் மாறினால் ஆயுளும் மாறுகிறது.

மேலும், மணற்புயல் ஏற்படுத்தும் கீறலையோ புற ஊதாக் கதிரால் பூச்சு சிதைவதையோ ஈர வெப்பச் சோதனை அளவிடாது. அதீத வெப்பமோ, களத்தில் ஒருபோதும் நிகழாத சேதத்தையும் உண்டாக்கக் கூடும். இதனால்தான் அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம், இயற்கை வெயிலின் புற ஊதாப் பகுதியை மட்டும் பல மடங்கு செறிவாக்கி, மாதிரி அதிகம் சூடாகாதவாறு சோதிக்கும் கருவியைப் பயன்படுத்தியது. கொலராடோ, அரிசோனா, புளோரிடா மாநிலங்களின் திறந்தவெளியிலும் மாதிரிகளை வைத்து முடிவுகளை ஒப்பிட்டது.

இரண்டு கண்ணாடிகளில் எது உறுதியானது எனத் தரவரிசைப்படுத்த விரைவுச் சோதனை உதவும். எத்தனை ஆண்டு உழைக்கும் எனக் கூறக் களத் தரவு தேவை. தார் பாலைவனத்தில் அமையும் நிலையங்களுக்குக் கண்ணாடி வாங்குவோர், தேர்ச்சிச் சான்றிதழுடன் நிறைவடையாமல், எந்த வகைச் சேதம் சோதிக்கப்பட்டது, அது மணலும் வெயிலும் மிகுந்த களத்தில் சரிபார்க்கப்பட்டதா என்பதையும் கேட்டறிவது அவசியம்.